செல் செல்லாது

மனிதகுலத்தின் கண்ணொளியைக் காக்கும் பொறுப்பு பாதி ஆண்டவனிடமும், மீதி விருத்தாசலம் பீங்கான் தொழிலாளர் நேத்திர ரட்சைப் பிரிவிடமும் இருந்த பொற்காலம் அது. ஆண்டவன் தன் பாதியில் அவ்வப்போது அசட்டையாக இருந்ததுண்டு. பிரிவு ஒருநாளும் அப்படி இருந்ததில்லை, அங்கே எல்லாவற்றுக்கும் கோப்பு இருந்தது.

2007ஆம் ஆண்டு ஒரு புதன்கிழமை காலை, பூங்கோதை தன் கணவன் சாமிதுரையைக் கைப்பிடித்து அங்கே அழைத்து வந்தாள். கல்யாணமான மூன்றாம் மாதம், பீங்கான் பட்டறையில் காஸ்டிக் சோடா தெறித்து அவனுடைய இரண்டு கண்ணும் வெந்துபோயிருந்தன. இப்போது மகளுக்கு ஒரு வயது. அவள் யார் சாயல் என்று அவன் இன்னும் தடவித்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சென்னை மருத்துவர் அவன் கன்னத்தின் உட்புறத்திலிருந்து பொட்டளவு தோல் எடுத்து, ஆய்வகத்தில் பாலாடை போன்ற மெல்லிய ஏடாக வளர்த்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் அதைக் கண்ணில் பதிக்க வேண்டும், தவறினால் செத்துவிடும். பாக்கி இருந்தது பிரிவின் அனுமதிக் கடிதம் ஒன்றுதான்.

மேற்பார்வையாளர் தேவநாதன் மருத்துவரின் குறிப்பை உரிய மரியாதையோடு மூன்று முறை படித்தார்.

“செல்லுன்னு போட்டிருக்குது. செல்லுக்கெல்லாம் இங்க அனுமதி கெடையாதும்மா. லேண்ட்லைன்னா யோசிக்கலாம்.”

“இது போனு இல்லீங்க ஐயா. இவரு வாயில எடுத்த செல்லு.”

“வாயா? இது கண்ணு ஆபீசும்மா. வாய்க்குப் பல் பிரிவுக்கு இல்ல போவணும்.”

“வாயில எடுத்துக் கண்ணுல வைக்கிறதுங்க.”

“அப்போ எடமாற்றம். வாய்க்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரணும்.”

“ஆட்சேபணை இல்லைங்க சார். வாயே சொல்லுது, கேட்டுக்குங்க,” என்றான் சாமிதுரை.

பூங்கோதை அவன் கையைக் கிள்ளினாள். “சும்மா இருங்க. இவ்ளோ வாய் இருக்குதேன்னுதான் டாக்டரு அங்க கை வச்சாரு.”

மூன்று அலுவலர்களும் இரண்டு டீயும் கூடி ‘ஆழ்ந்த பரிசீலனை’ நடந்தேறியது. தேவநாதன் தம் முத்தான கையெழுத்தில் எழுதினார்: ‘வாய்வழிச் செல் செல்லாது. விண்ணப்பதாரர் இதைக் கண்ணுற்றுக் கையொப்பமிடவும்.’

“எங்கங்க சார் போடணும்?”

“பார்த்துப் போடுங்க.”

சாமிதுரை மேசையின் மேல் போட்டான்.

அன்று மதியமே பூங்கோதை அவனை வேப்பூருக்குக் கூட்டிப்போய்ச் சென்னை பஸ் பிடித்தாள். கடிதம் எங்கே என்று கேட்ட மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. பிறகு தன் பொறுப்பிலேயே வெள்ளிக்கிழமை அறுவை செய்தார்.

மூன்று மாதத்தில் பார்வை தெளிந்தது. மகளுக்குத் தன் மூக்கு என்று சாமிதுரை தீர்ப்பளித்தான். பூங்கோதை மேல்முறையீடு செய்தாள்.

கோப்பை முடிக்க இயலவில்லை, நேரில் வரவும் என்று பிரிவிலிருந்து தபால் வந்தது. சாமிதுரை யார் கையையும் பிடிக்காமல் போய் நின்றான்.

“பார்வை இல்லைன்னு மனு குடுத்தீங்க,” என்றார் தேவநாதன், மிகுந்த மனவேதனையோடு. “இப்போ எதிர்ல நின்னு என்னையே பார்க்கிறீங்க. நாங்க எதைத்தான் நம்புறது?”

சாமிதுரை அவரை நிதானமாகப் பார்த்தான்.

“உங்க கண்ணுக்கும் கொஞ்சம் செல்லு எடுத்து வைக்கலாமான்னு டாக்டர கேட்டேங்க சார். என்னோடது உங்களுக்கு ஒட்டாதாம். அவங்கவங்க ஒடம்புலயே கொஞ்சமாச்சும் உயிரோட இருக்கணுமாம்.”