சம்பந்தி வீட்டுக்கு சவுண்டு ஏத்தின கதை

ஞாயித்துக்கிழமைக்குள்ள லேப்டாப் சவுண்டைச் சரி பண்ணணும். எனக்குக் குடுத்த வேலை இவ்ளோதான்.

என் தங்கச்சி ஸ்டெல்லாவுக்கு ஒரு வரன் வந்திருந்துச்சு. பூர்வீகம் வானூர் பக்கம், இப்ப பெங்களூர்ல செட்டில். மாப்பிள்ளை, அவரோட அம்மா, அப்பா மூணு பேரும் முதல்ல வீடியோ கால்ல பேசுவாங்க, புடிச்சிருந்தா திண்டிவனத்துல இருக்கற எங்க வீட்டுக்குக் கிளம்பி வருவாங்கன்னு ஏற்பாடு.

முதல் தடவை பேசினப்பவே மானம் போச்சு. எங்க லேப்டாப்புக்கு ஸ்பீக்கர் உள்ளயே இருக்கு, அதுவும் அடிப்பக்கம். மாப்பிள்ளையோட அம்மா கம்பளியப் போத்திக்கிட்டுப் பேசுற மாதிரி இருந்துச்சு. அவங்க ஏதோ கேப்பாங்க, எங்கம்மா சிரிச்சிக்கிட்டே தலையாட்டுவாங்க. எதுக்கெல்லாம் ஆட்டினாங்கன்னு அவங்களுக்கே தெரியாது. அப்பா இல்லாத வீடு, அம்மாதான் ஹெட் ஆபீஸ். ஹெட் ஆபீஸே தலையாட்டிட்டா அப்புறம் அப்பீல் கிடையாது.

ஸ்டெல்லா கடுப்பாயிட்டா. அவ விழுப்புரத்துல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை பார்க்குறா. தினமும் ட்ரெயின்ல போயி வந்து, இப்பதான் லேப் இன்சார்ஜ் ஆயிருக்கா.

"அண்ணா, நான் அவங்களக் கேக்கப் போறது ஒண்ணே ஒண்ணு. கல்யாணத்துக்கு அப்புறம் அங்க வந்தும் லேப் வேலைக்குப் போவேன், சம்மதமான்னு. அதுக்கு இன்னா சொல்றாங்கன்னு எனக்குத் தெளிவா கேக்கணும். அம்மா தலையாட்டிக்கினு இருக்கறதெல்லாம் ஆவாது."

"அவ்ளோதானே, நான் பார்த்துக்கறேன்"னேன்.

நான் பார்த்துக்கிட்டதுல எங்க வீட்டுல மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, டேபிள் ஃபேன் எல்லாம் போயிருக்கு. ரைஸ் மில்லுல கணக்கு எழுதுறவன் நான். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து சம்பளம் வாங்குறதால, கம்ப்யூட்டரே எனக்குத் தெரியும்னு வீட்டுல ஒரு நம்பிக்கை. அதை நானும் கெடுக்கல.

"ஒரு ஸ்பீக்கர் வாங்கியாந்து சொருகிடேன்"னா ஸ்டெல்லா.

"அதெல்லாம் தெரியாதவன் பண்ற வேலை. உள்ள இருக்கற சவுண்டையே நான் வெளிய எடுக்கறேன் பாரு."

எடுத்தேன். மொத்தமாவே எடுத்துட்டேன்.

ஒரு வீடியோல ஒரு தம்பி, பழைய டிரைவரை அழிச்சிட்டுப் புதுசு போட்டா சவுண்டு பிச்சிக்கும்னு சொன்னான். பழசை அழிச்சேன், சுலபமா அழிஞ்சிது. புதுசு எங்க இருக்குன்னுதான் தெரியல. ஸ்பீக்கர் படத்து மேல சிவப்பா ஒரு பெருக்கல் குறி வந்து உக்காந்துச்சு. இருந்த கம்பளிச் சத்தமும் காலி.

அம்மா எட்டிப் பார்த்தாங்க. "இன்னாடா, ஊமையாக்கிட்டியா?"

"அப்டேட் ஆயிக்கினு இருக்கும்மா."

தெரியாததுக்கெல்லாம் நான் வச்சிருக்கற பேரு அப்டேட். பயத்துல லேப்டாப்பை அணைச்சி அணைச்சிப் போட்டேன், ஒரு தடவை சவுண்டு தானா திரும்பி வந்துச்சு. நான்தான் வரவச்சேன்னு வீட்டுல சொல்லிக்கிட்டேன்.

அடுத்தது செட்டிங்ஸ். உள்ள போனா வரிசையா டிக் போடற பெட்டி. எது எதுக்குன்னு தெரியாததால பாரபட்சம் பார்க்காம எல்லாத்துக்கும் போட்டேன். பேஸ் ஏத்தினதும் நியூஸ் வாசிக்கிற பொண்ணு ஆம்பளைக் குரல்ல வாசிச்சா, பக்கத்துல இருந்த டம்ளர் ஆடுச்சு. அதை மட்டும் எடுத்துட்டேன்.

கடைசியா ஒண்ணு இருந்துச்சு. லவுட்னெஸ் ஈக்வலைசேஷன். சின்னச் சத்தம், பெரிய சத்தம்னு பேதம் இல்லாம எல்லாத்தையும் ஒரே உயரத்துக்குக் கொண்டாந்துடுமாம். நாட்டுல எங்கயும் வராத சமத்துவம் என் லேப்டாப்ல வருதேன்னு பெருமையா டிக் போட்டேன்.

மைக்கை விடலாமா? அதையும் கடைசி வரைக்கும் ஏத்தினேன். சுத்துப்பட்டு இரைச்சலை வடிகட்டற வசதி ஒண்ணு இருந்துச்சு. அது இருந்தா குரல் இயற்கையா இருக்காதுன்னு அதே தம்பி சொன்னான். அணைச்சிட்டேன்.

அப்பவும் எனக்குத் திருப்தி இல்ல. ஸ்பீக்கர் அடியில இருக்கு, சத்தத்தை டேபிள் துணி குடிக்குதுன்னு கண்டுபிடிச்சேன். துணியை உருவிட்டு, பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவுத்துப் போட்டு, அது மேல லேப்டாப்பை வச்சேன்.

"டேய், அது நிச்சயத்துக்குத் தட்டு வைக்க வாங்கினது"ன்னாங்க அம்மா.

"நிச்சயம் நடக்கணும்னா முதல்ல பேச்சு காதுல விழணும்மா."

ஒரு மாதாப் பாட்டு போட்டேன். கணீர்னு கேட்டுச்சு. பக்கத்து வீட்டு அக்கா செவுத்துக்கு மேல தலைய நீட்டி, "இன்னா தம்பி, மைக் செட்டு வாடகைக்கு உடறியா?"ன்னு கேட்டுச்சு. இதைவிடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு எவன் குடுப்பான்?

ஞாயிறு பூசை முடிஞ்சி வந்து உக்காந்தோம். கால் வந்துச்சு. சும்மா சொல்லக் கூடாது, சவுண்டு அப்படி இருந்துச்சு. அவங்க ஃபேன் பேரிங் தேஞ்சிருக்குன்னு திண்டிவனத்துலேர்ந்தே சொல்லலாம். அம்மா என்னைப் பெருமையா ஒரு பார்வை பார்த்தாங்க. எத்தனையோ வருஷம் கழிச்சிக் கிடைச்ச பார்வை அது.

"அங்க மழையாங்க?"ன்னார் மாப்பிள்ளையோட அப்பா.

வெளிய வெயில் கொளுத்துது. அப்புறம்தான் புரிஞ்சிது, அடுப்படியில எங்க சித்தி சடசடன்னு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வறுத்துக்கிட்டு இருக்காங்க. ஆகா, மைக் எவ்ளோ நல்லா வேலை செய்யுதுன்னு பூரிச்சேனே தவிர, மூளை அதுக்கு மேல போகல.

அம்மா ஆரம்பிச்சாங்க. "ஸ்டெல்லா சமையல்லாம் பிரமாதமா பண்ணுவா. சாம்பார் வச்சான்னா தெருவே மணக்கும்."

அடுப்படியில சித்தி தனக்குத்தானே பேசிக்கிட்டாங்க. "அக்கா வாய் கூசாம சொல்லுது பாரு. இவ வச்ச சாம்பார்ல பருப்பு இருக்கான்னு லேபுக்கு அனுப்பித்தான் தெரிஞ்சிக்கணும்."

மாப்பிள்ளை சிரிச்சிட்டார். அவங்கம்மா சிரிக்கல.

சித்தி விடறதா இல்ல. "அது போவட்டும், ஃபோட்டோல அந்தப் புள்ளைக்கு அவ்ளோ முடி இருந்துச்சே. இன்னா ஆச்சு அது?"

பெங்களூர்ல மாப்பிள்ளையோட கை தானா தலைக்குப் போச்சு.

நான் பாய்ஞ்சி மைக்கைக் குறைக்கப் போனேன். பதட்டத்துல தப்பானதைப் பிடிச்சி இழுத்துட்டேன். ஸ்பீக்கர்ல மிச்சம் மீதி இருந்த வால்யூமும் ஏறிக்கிச்சு.

நிலைமையைக் காப்பாத்தணும்னு ஸ்டெல்லாவே பேசினா. "எனக்கு ஒண்ணுதான் கேக்கணுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகலாங்களா?"

"தாராளமா போங்க. நாங்க ரொம்ப ஓப்பன் டைப்"னார் மாப்பிள்ளை.

"பொண்ணுங்க வேலைக்குப் போறது எங்களுக்குப் பெருமைதாம்மா"ன்னாங்க அவங்கம்மா.

ஒரு எழுத்து தேயாம கேட்டுச்சு. அம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தெளிவா கேட்டுச்சான்னு நான் ஸ்டெல்லாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன். அந்தப் பதிலையே நான்தான் சொன்ன மாதிரி ஒரு தோரணை எனக்கு.

அதோட வீடியோ காலை முடிச்சிருக்கலாம். காபி கொண்டு வர்றேன்னு அந்த அம்மா எழுந்து உள்ள போனாங்க, பின்னாடியே மாப்பிள்ளையோட அப்பாவும் போனார். திரையில மாப்பிள்ளை மட்டும் சிரிச்சபடி இருக்கார். பின்னாலேர்ந்து கிசுகிசுன்னு பேச்சு.

கிசுகிசுன்னு அவங்களுக்கு. எங்க ஹால்ல அது தாம்பாளத்துல மோதி, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி வந்துச்சு.

"வேலைக்கு அனுப்ப மாட்டோம்னு இப்பவே எதுக்குச் சொல்லணும்? இந்த இடமும் போயிடும். கல்யாணம் முடியட்டும். ரெண்டு மாசம் வீட்டு வேலையப் பார்த்தா தானா நின்னுடுவா."

மாப்பிள்ளை உதடு அசையாம, சிரிப்பும் மாறாம, பக்கவாட்டுல சொன்னார். "அம்மா, மெதுவா. அவங்களுக்குக் கேட்டுடப் போவுது."

அதுவும் வந்துச்சு, அதே உயரத்துல.

வழக்கம்போல ஆட ஆரம்பிச்ச எங்கம்மாவோட தலை பாதியில நின்னுடுச்சு. அடுப்படியில மல்லாட்டை வறுபடற சத்தமும் நின்னுடுச்சு.

ஸ்டெல்லா லேப்டாப் பக்கம் குனிஞ்சா. "தெளிவாவே கேக்குதுங்க"ன்னா. மூடியைச் சாத்திட்டா. அடுப்படிக்குப் போயி சித்தி பக்கத்துல உக்காந்து சூட்டோட மல்லாட்டை தின்ன ஆரம்பிச்சா.

திட்டு எனக்கு. "சவுண்டு சரி பண்றேன்னு சம்பந்தத்தையே ஒழிச்சிட்டியேடா பாவி. பழைய சவுண்டே இருந்திருந்தா இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும்"னாங்க அம்மா.

"ஆமாம்மா, முடிஞ்சிருக்கும்"னேன். சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கு உறைச்சிது. இத்தனை நாள் எங்க சொந்தத்துல பார்த்த பொண்ணு பார்க்கறதெல்லாம் அந்தக் கம்பளிச் சவுண்டுலதான் நடந்திருக்கு. சத்தமா பேசினதை மட்டும் கேட்டுக்கிட்டு நாங்க கைதட்டி, பிரியாணி தின்னுட்டு வந்திருக்கோம்.

அம்மா ரெண்டு நாள் என்கூடப் பேசல. அப்புறம் தரகர் ஃபோன் பண்ணினார். இந்தத் தடவை வரன் விழுப்புரத்துலயே இருக்காம். அம்மா முகம் மலர்ந்துடுச்சு. "ரொம்ப நல்ல மனுஷங்களாம். வர்ற ஞாயித்துக்கிழமை நேர்லயே வர்றாங்களாம். லேப்டாப்புக்கு வேலையே இல்ல"ன்னு என்னைப் பார்த்து அழுத்திச் சொன்னாங்க.

ட்ரெயினுக்கு நேரமாச்சுன்னு செருப்பை மாட்டிக்கிட்டு இருந்த ஸ்டெல்லா நிமிர்ந்து கூடப் பார்க்கல.

"நேர்ல அப்புறம் வரட்டும்மா. மொதல்ல லேப்டாப்ல வரச் சொல்லு."