பூச்சி பாயின் நகவெட்டி

கொச்சியின் மட்டாஞ்சேரியில் பூச்சி பாயிடம் நகம் வெட்டிக்கொள்ளாத மனிதர் ஒருவர் உண்டு என்றால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்றே பொருள். படகுத்துறையில் டிக்கெட்டுக்கு நிற்பவர், மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குபவர், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை என எவரும் தப்பியதில்லை. முதலில் கையைப் பிடிப்பார். பிறகு சட்டைப்பையிலிருந்து நகவெட்டியை எடுப்பார். ஐந்தாவது விரலுக்கு வரும்போதுதான் ஆளின் பெயரைக் கேட்பார்.

பாயின் பெயரை யாரும் கேட்டதில்லை. கடைத்தெருவின் பின்சந்தில் உள்ள ஒரு சிறிய பரிசோதனைக்கூடத்தில், மலத்தில் வயிற்றுப்பூச்சியின் முட்டைகளைத் தேடுவது அவர் வேலை. அவை வயிற்றுக்குப் போவதே நகக்கண் வழியாகத்தான் என்பது அவர் கட்சி. பெயருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. சமூகப்பணியில் முதுகலை முடித்த கையோடு நான் அங்கே வரவேற்பு மேசையில் சேர்ந்தேன். சமூகத்தை மாற்றியமைக்கும் திட்டத்தோடு போன எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு, சாம்பிள் டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டுவது. வெட்கம் எவ்வளவோ அவ்வளவு உறைகள் போட்டு மக்கள் அதைக் கொண்டுவருவார்கள். ஒருவர் அல்வாப் பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டியிருந்தார். பாய் எல்லாவற்றையும் பிறந்தநாள் பரிசு போல இரு கைகளாலும் வாங்கிக்கொள்வார்.

வெளியிடத்தில் அவர் ஒரு வாய் சாப்பிட்டதை ஊர் பார்த்ததில்லை. கல்யாணப் பந்தியில் எல்லோருடனும் உட்காருவார். இலையை மூன்று முறை துடைப்பார். தன் டிபன் பாக்ஸில் கொண்டுவந்த வீட்டுச் சோற்றை அதில் கொட்டிச் சாப்பிடுவார். பெண் வீட்டார் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை. மணப்பெண்ணின் நகத்தைப் பார்க்காமல் போய்விட்டால்தான் வருத்தப்படுவார்கள்.

படகுத்துறைக்கு அருகே மீல்ஸ் ஓட்டல் வைத்திருந்த செல்வண்ணன் தேனிக்காரர். கொச்சிக்கு வருமுன் தாய்லாந்தின் வடபகுதியில் பல வருடம் சமையல்காரராக இருந்தவர். ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சையும் மிளகாயும் பிசைந்து தின்னும் வழக்கம் அங்கே உண்டு. செல்வண்ணனும் தின்றார், ருசித்துத் தின்றார். வயிற்று உபாதை என்று மருத்துவர் அனுப்பியதில் அவருடைய டப்பா எங்களிடம் வந்தது.

நுண்ணோக்கியில் கண்வைத்த பாய் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிடுவதுபோல என்னைக் கூப்பிட்டார்.

"மோளே, இங்க வா. தொப்பி வச்ச பல்பு மாதிரி ஒண்ணு தெரியுதா? ஈரல் புழுவோட முட்டையாக்கும். இத்தன வருஷம் படத்துல மாத்திரம் பாத்த ஆளு, நேர்ல வந்துட்டாரு."

"பாய், அது ஒரு நோயாளியோட உடம்பு," என்றேன் கண்டிப்போடு.

"அதுக்கு? வந்தவர வாங்கன்னு சொல்லாண்டாமா?"

மருத்துவர் மாத்திரை கொடுத்தார். புழுக்கள் செத்தன. அடுத்த சாம்பிள் சுத்தம். செல்வண்ணன் பரிசோதனைக்கூடத்துக்கே பாயசம் கொண்டுவந்து கொடுத்தார். பாய் மட்டும் குடிக்கவில்லை. இந்த முறை காரணம் சுத்தம் அல்ல, கவலை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. அந்த வாரம் அவர் எபிஜெனடிக்ஸில் இருந்தார். மரபணுவின் எழுத்து மாறாமலே அது நடந்துகொள்ளும் விதம் மாறிப்போவதைப் பற்றிய அறிவியல் அது. ஈரல் புழு வெளியேறிய பிறகும், அது உண்டாக்கிய அத்தகைய மாற்றங்கள் தங்கிவிட்டுப் புற்றுநோய்க்கு வழி செய்யலாம் என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு இருந்தது. ஆய்வாளர்களை விடப் பாய்க்கு அதிகமாக இருந்தது.

ஓட்டலில் உட்கார இடமில்லாத ஒரு மதியவேளையைத் தேர்ந்தெடுத்து, கல்லாவருகே நின்று அவர் அதை விளக்கினார்.

"செல்வா, உன் கையில ஒரு சமையல் புத்தகம் இருக்குன்னு வை. அதுதான் ஜீன். புழு அதுல ஒரு எழுத்தக்கூட அழிக்கல, கேட்டோ. பித்தக்குழாயில வருஷக்கணக்கா கெடந்து புண்ணாக்கி, சில பக்கத்த மாத்திரம் பசை போட்டு ஒட்டிருச்சு. 'போதும், அடுப்ப அணை'ன்னு எழுதுன பக்கம் ஒட்டிப்போச்சுன்னா என்னாகும்?"

"பொங்கி வழியும்," என்றார் செல்வண்ணன், கையில் சாம்பார் வாளியோடு.

"அதான் கேன்சர். மாத்திரை புழுவக் கொல்லும். பசையப் பிரிக்குமான்னு இன்னும் ஆராய்ஞ்சிட்டுதான் இருக்காங்க. எல்லாருக்கும் வராது. உனக்கும் வராமப் போகலாம். ஆனா ஆறு மாசத்துக்கு ஒருக்க ஸ்கேன் எடுத்துப் பாத்துரணும்."

இதை விடத் தெளிவான விளக்கத்தை நான் இன்றுவரை எங்கும் வாசித்ததில்லை. அதிலிருந்த ஒரே குறை, நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டது. ஒருவர் ரசத்துக்கு முன்பே கை கழுவினார். ஒருவர் வறுத்த மீனை இலையோரம் தள்ளிவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் ஓட்டலில் ஈயும் செல்வண்ணனும் மட்டும் மிஞ்சினர்.

"பாய், இனிமே இந்த வாசல்ல கால் வைக்காதீங்க," என்றார் செல்வண்ணன். "ஸ்கேனும் வேணாம், உங்க புத்தகமும் வேணாம். புழு விட்டு வச்ச உசுர நீங்க எடுத்துட்டீங்க."

விளைவுகளைச் சீர்தூக்கிப் பார்ப்பது என் படிப்பு எனக்குத் தந்த பழக்கம். நோயாளியின் ரகசியம் போயிற்று, பிழைப்பும் போயிற்று, எல்லாவற்றையும் விட மோசம், கோபத்தில் அந்த மனிதர் ஸ்கேனே வேண்டாம் என்கிறார். தொழில் அறம் குறித்து நான் கற்ற அத்தனையையும் பாய்க்கு ஒரு மணி நேரம் எடுத்துரைத்தேன். அவர் என் நகங்களை வெட்டியபடியே கேட்டார்.

"நீ சொல்றது சரிதான் மோளே," என்றார் கடைசியில். "மைக்ரோஸ்கோப்புக்கு வெளியில எனக்குப் பார்வை கம்மி."

மறுநாள் மதியம் பாய் டிபன் பாக்ஸ் இல்லாமல் வந்தார். நேராகச் செல்வண்ணனின் ஓட்டலுக்குள் போய், தெருவைப் பார்த்த ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன வேணும்?" என்றார் செல்வண்ணன், முகத்தைப் பாராமல்.

"மீல்ஸ். மீன் கறி. மோரும் வை."

தெரு நின்றுவிட்டது. ஆட்டோக்காரர்கள் இஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தனர். பூச்சி பாய் வெளியில் சாப்பிடுகிறார் என்ற செய்தி போர்ட் கொச்சியைக் கடந்து வைப்பின் தீவுக்குப் போகும் படகில் ஏறியது. பாய் கஷாயம் குடிப்பவரைப் போலக் கண்களை இறுக மூடி முதல் கவளத்தை வாயில் வைத்தார். சற்றுப் பொறுத்து ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும் திறந்து, "இன்னும் கொஞ்சம் கறி ஊத்து," என்றார்.

தினமும் வந்தார். "பாயே திங்குறாருன்னா, பின்னே நமக்கென்ன?" என்று ஊரும் வந்தது. இரண்டாவது வாரம் பாய்க்கே இடம் பிடித்துவைக்க வேண்டியதாயிற்று.

கூட்டம் நிலைபெற்றுவிட்ட ஒரு நாளில் அந்த ஜன்னலோர நாற்காலி காலியாகக் கிடந்தது. மறுநாளும் அப்படியே. "பாய் எங்க? ஏன் வரல?" என்று சாப்பிட வந்தவர்கள் குழம்பை முகர்ந்து பார்க்கத் தொடங்கினர். செல்வண்ணன் கரண்டியும் கையுமாக எங்களிடம் ஓடிவந்தார்.

"என்ன பாய் விளையாட்டு இது?"

"ஸ்கேன் எடுத்தியா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல பாய்."

"எடுத்துட்டு வா. நான் சாப்பிட வர்றேன்."

"இதுக்குப் பேரு மிரட்டல்."

"ஆமா," என்றார் பாய்.

நான் கற்ற அறத்தின்படி அந்த இடத்தில் குறுக்கிட்டிருக்க வேண்டும். குறுக்கிடவில்லை. தொலைபேசியை எடுத்து எறணாகுளத்தில் ஒரு மருத்துவமனையில் ஸ்கேனுக்கு நேரம் வாங்கினேன்.

மூவரும் போனோம். முடிவுக்காக வராந்தாவில் காத்திருந்தபோது, அதுவரை தமாஷ் பேசிக்கொண்டிருந்த செல்வண்ணன் ஒரு கையால் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கினார். பாய் அந்தக் கையைப் பிடித்தார். நகவெட்டியை எடுத்தார்.

"நேத்துதான வெட்டுனீங்க பாய்."

"பரவாயில்ல, காட்டு."

வெட்டுவதற்கு நகமே இல்லை. நகவெட்டி வெறும் காற்றை வெட்டி 'டிக் டிக்' என்றது. மருத்துவர் வெளியே வந்து, இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

"என்ன பாய், ஏமாத்தமா?" என்றார் செல்வண்ணன்.

பாய் மற்றொரு கையைக் காட்டச் சொன்னார்.

நான் இப்போது இடப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஸ்கேன் நடக்கிறது, இதுவரை ஒன்றுமில்லை. மீன் கறி தின்று தின்று பாய்க்குத் தொப்பை விழுந்துவிட்டது. அவர்களைப் பார்க்க அவ்வப்போது மட்டாஞ்சேரிக்குப் போவேன். போகிற வாரங்களில் மட்டும் நான் நகம் வெட்டிக்கொள்வதில்லை.