சங்கு ஊதாத கல்லூரி

குவார்ட்டர்ஸ், ஆவடி,
ஆகஸ்ட் 1986

மரியாதைக்குரிய மைத்துனர் அய்யாசாமி அவர்களுக்கு,

ஆவடியிலிருந்து கஜபதி எழுதுவது. நாங்கள் நலம், தங்கள் நலமும் தாங்கள் வாத்தியாராக இருக்கும் பள்ளிக்கூடத்தின் நலமும் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். உண்மையில் இங்கே யாரும் நலமாக இல்லை, அதற்குக் காரணம் நீங்கள்தான். திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என் வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, "வல்லியைக் காலேஜில் சேருங்கள், நம் குடும்பத்தில் ஒரு பெண்ணாவது டிகிரி வாங்கட்டும்" என்று சொன்னது நீங்கள். நானும் நம் நாகவல்லியைப் பட்டணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. முதல் வருஷத்தில் சேர்த்தேன். இப்போது அவள் படிப்பை விடப்போகிறாள். டி.சி. வாங்க நீங்கள்தான் வர வேண்டும். அந்தக் கேட் பக்கம் இனி நான் தலைகாட்ட முடியாது.

ஏன் என்று கேட்பீர்கள். முதல் நாள் ரயிலேற்றும்போது, தகப்பன் என்ற முறையில் ஒரே ஒரு புத்திமதி சொன்னேன். "சங்கு ஊதாமல் கேட்டைத் தாண்டாதே." ஃபேக்டரியில் நான் அப்படித்தான் இத்தனை வருஷமாக வேலை பார்க்கிறேன். இங்கே குவார்ட்டர்ஸில் உலை வைப்பது, பிள்ளைகளை எழுப்புவது, எல்லாமே ஃபேக்டரி சங்கைக் கேட்டுத்தான். காலேஜுக்குச் சங்கு கிடையாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீங்கள் சொன்னீர்களா? வகுப்பு முடிந்து மற்ற பெண்களெல்லாம் போன பிறகும் இவள் மரத்தடியில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாட்ச்மேன் வேம்புலி வந்து, "இன்னாம்மா, ஊட்டுக்குப் போவலியா?" என்று கேட்டிருக்கிறார். "இன்னும் சங்கு ஊதலையேண்ணா" என்றாளாம். "இங்க ஏதும்மா சங்கு? நான் மணி அட்ச்சு எம்மா நேரம் ஆவுது! நீ கெளம்புனாத்தான நான் கேட்டைப் பூட்டிக்கினு டீ குடிக்கப் போவ முடியும்?"

அது போகட்டும், சின்ன விஷயம். போன வாரம் நடந்ததுதான் பெரிசு. முதல் வருஷக் கட்டடத்தில் குடிதண்ணீர் வரவில்லை என்று, அம்பத்தூர்ப் பெண் புஷ்பா தலைமையில் வகுப்பு முழுக்க பாதியில் எழுந்து வெளிநடப்பு செய்திருக்கிறது. நம் வல்லி மட்டும் அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றி, காலி பெஞ்சுகளுக்கு நடுவே ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்கிறாள். பாடம் எடுக்க வந்த அம்மா இவள் ஒருத்திக்கே பாடத்தை நடத்தி முடித்து, "வகுப்பு நடந்தது" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். போராட்டம் பிசுபிசுத்துப் போச்சு, தண்ணீரும் வரலை. மறுநாள் போர்டில் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை: கருங்காலி.

மச்சான், யாரை? என் மகளை! ஃபேக்டரியில் எல்லோரும் கேன்டீன் சோற்றைப் புறக்கணித்த அன்று உள்ளே போய் இரண்டு கை பார்த்தானே தேவராஜ், அந்தக் கருங்காலி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகாதவன் நான். எனக்குச் சோறு இறங்கவில்லை. வல்லியோடு யாரும் பேசுவதில்லையாம், டிபனைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். ஃபேக்டரியில் தகராறு என்றால் என்ன செய்வோம்? கேட் மீட்டிங் போடுவோம். நானும் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய், வேம்புலியின் ஸ்டூலை வாங்கிப் போட்டு ஏறி நின்று, "மாணவத் தோழிகளே!" என்று ஆரம்பித்தேன். "அண்ணாத்தே, எறங்கு! இது லேடீஸ் காலேஜு, பிரின்சிபாலம்மா பாத்தாங்கன்னா என் வேல பூடும்" என்று வேம்புலி என் வேட்டியைப் பிடித்து இழுக்கிறார். நான் விடவில்லை. "தப்பு தொழிலாளி மேல் இல்லை, தப்பான உத்தரவு போட்ட மேஸ்திரி மேல். அந்த மேஸ்திரி நான்தான்!" என்றேன். ஒரே கைதட்டல், விசில். நம் வல்லி மட்டும் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் முகத்தை நோட்டால் மூடிக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்து அழுத அழுகை இருக்கிறதே! "ஏம்பா இப்பிடிப் பண்ணே? இனிமே எந்த மூஞ்சிய வச்சிக்கினு போவேன்? பக்கத்து ஊட்டு தாயம்மாக்கா பொண்ணு திருமழிசையில பேக்கிங் வேலைக்குப் போறா. நானும் அங்கயே போறேன். அங்க சங்காவது ஊதும்."

எனக்கு மனசு ஆறவில்லை மச்சான். அவளுக்கு இடம் கிடைத்த அன்று செக்‌ஷன் முழுக்க லட்டு கொடுத்தவன் நான். இருந்தாலும் அழுகிற பெண்ணை எத்தனை நாள் ரயிலேற்றி விடுவது? சனிக்கிழமை வந்து டி.சி.யை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தங்கள் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடச் சொல்கிறாள் உங்கள் அக்கா கண்ணம்மா. நான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
கஜபதி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது கதவைத் தட்டினார்கள். பார்த்தால் அந்தப் புஷ்பா, பின்னால் பாதி வகுப்பு. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். "அங்கிள், அன்னிக்கு நீங்க பேசுனது சூப்பர். தண்ணி இன்னும் வரல. திங்கக்கிழம மறுபடி வெளிய வர்றோம், கோஷம் எழுதிக் குடுங்க" என்கிறாள். அடுக்களை வாசலில் நின்றிருந்த வல்லியைப் பார்த்து, "இந்தத் தடவ நீதான் முன்னாடி வரணும்" என்றாள். எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில் வெளியே வர வேண்டும், அதை எப்படித் தெரியப்படுத்துவது என்று ஒரு பெண் கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சங்கில்லாத இடத்தில் நான் என்ன சொல்வது? அப்போது வல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மணிய நான் அடிக்கிறேன்." அந்த நேரத்தில் வேம்புலி டீ குடிக்கப் போயிருப்பாராம்.

ஆகவே டி.சி. வேண்டாம். நீங்களும் வர வேண்டாம். உங்களுக்கு அடுத்த கறிச்சோறு அவள் டிகிரி வாங்கிய பிறகுதான்.