ஐந்து கைப்பிடித் தோல்

வரைபடம் எழுதுகிறவர்கள் மை தீர்ந்துபோய் அப்படியே விட்டுவிட்ட ஒரு மூலையில் வெயிற்பாடி என்றொரு நாடு இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே அங்கே மன்னரைத் தேர்ந்தெடுத்தார்கள். நிற்பவர் ஒருவர்தான் என்பதால் குழப்பம் வருவதில்லை. அவர் பெயர் மகுடநாதர். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர்தான். மக்கள் படும் கஷ்டத்தை யாராவது எழுதிக் கொடுத்தால், கேட்பவருக்குக் கண்ணீர் வரும்படி வாசிப்பார்.

ஒரு சித்திரையில் வெயில் மண்டையைப் பிளந்தது. கிணறுகள் வற்றின. "நாடு ஏன் இப்படிக் கொதிக்கிறது?" என்று மன்னர் கேட்டார். உடனே வல்லுநர் குழு அமைந்தது. குழு அரண்மனை மாடியில் கூடி, சன்னலைத் திறந்து நாட்டைப் பார்த்தது. எதிரே மன்னரின் மைத்துனருடைய நாற்பது செங்கல் சூளைகள் புகைந்துகொண்டிருந்தன. கண் எரிந்ததால் அந்தச் சன்னலைச் சாத்திவிட்டுப் பின்பக்கத்துச் சன்னலைத் திறந்தார்கள். அங்கே ஒரு பசு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் பார்க்கும்போதே ஒரு ஏப்பமும் விட்டது.

குழு சொன்னதில் பொய் கிடையாது. அசை போடும் பிராணிகளின் ஏப்பத்தில் ஒரு வாயு இருக்கிறது, அது மேலே போய்ச் சூட்டைக் கூட்டத்தான் செய்யும். சூளையைப் பற்றிக் குழுவை யாரும் கேட்கவில்லை, அதனால் குழுவும் சொல்லவில்லை. நாடெங்கும் ஏப்பத்தை அளக்க, தோல்பையும் கையுமாக அளவையர்கள் கிளம்பினார்கள்.

ஏகாம்பரம் என்ற அளவையருக்கு ஓர் அதிசயம் கிடைத்தது. மற்ற மாடுகள் நாளுக்குப் பதினைந்து பை ஏப்பம் விட, செவத்தாயி என்பவளின் மயிலைப் பசு மட்டும் பன்னிரண்டோடு நின்றது. செவத்தாயி புருஷனை இழந்தவள். அந்த ஒரு பசுவின் பாலில்தான் அவளும் கர்ப்பிணியாயிருந்த அவள் மகளும் வயிறு கழுவினார்கள். புளியங்கொட்டை இடிக்கும் ஆலையில் சும்மா கொட்டிக் கிடக்கும் தோலை அவள் தவிட்டோடு கலந்து மாட்டுக்கு வைத்திருந்தாள். ஏப்பம் குறைந்ததோடு பாலும் கால்படி கூடியிருந்தது.

அவளை அரண்மனைக்கு அழைத்தார்கள். தட்பவெப்ப அமைச்சர் தாண்டவமூர்த்தியார் விசாரித்தார்.

"பெண்ணே, நாளொன்றுக்கு எவ்வளவு தோல்?"

"ஒரு கைப்பிடிங்கய்யா."

அமைச்சர் கணக்கரைப் பார்த்தார். கணக்கர் விரல்விட்டு எண்ணினார். "ஒரு கைப்பிடிக்கு மூன்று பை குறைகிறது. ஆகவே ஐந்து கைப்பிடிக்குப் பதினைந்து பையும் குறையும். மிச்சம் சுழியம்."

அவையில் கைதட்டல் எழுந்தது. செவத்தாயி பதறிப்போனாள்.

"ஐயையோ, அப்படியெல்லாம் போடக்கூடாதுங்க! அது துவர்ப்பு. கூடிப்போனா மாட்டுக்கு வயிறு கட்டிக்கும். தீனியே எடுக்காது."

"துவர்ப்பு குறித்து நமக்கு அறிக்கை எதுவும் வரப்பெறவில்லை" என்றார் அமைச்சர். "நீ கைப்பிடியைச் சொன்னாய். பெருக்குவது அரசின் கடமை."

மறுநாளே ஆணை பிறந்தது. மாடு ஒன்றுக்குத் தினம் ஐந்து கைப்பிடி. ஆலைத் தோலை இனி யாரும் தொடக்கூடாது, எல்லாம் அரசுக்குச் சொந்தம். வறுத்துத் தூய்மைப்படுத்தி, மன்னர் படம் போட்ட பொட்டலத்தில் கொடுக்கப்படும். வறுக்கும் பொறுப்பை மைத்துனர் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். அதற்கென இருபது சூளைகளைப் புதிதாகக் கட்டினார். அந்த மாதம் வெயில் இன்னும் கொஞ்சம் ஏறியது. மாடுகளின் பிடிவாதமே காரணம் என்று பறை அறைந்து அறிவித்தார்கள்.

செவத்தாயி லேசுப்பட்டவள் இல்லை. ஒரு கைப்பிடியை மட்டும் தொட்டியில் கலந்துவிட்டு மீதி நாலையும் குப்பைக்குழியில் புதைத்தாள். பதினேழு நாள் ஓடியது. பதினெட்டாம் நாள் ஏகாம்பரம் கொட்டகை வாசலில் நிற்கும்போது, வயிறாரத் தின்றிருந்த மயிலை அவர் முகத்துக்கு நேரே ஏப்பம் விட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"ஏம்மா, ராஜ துரோகமா பண்றே?"

"துரோகமா? அது வாயில்லாத சீவன்யா! எம்பொண்ணுக்கு இது ஏழாம் மாசம். இந்த மாடு படுத்துட்டா நாங்க என்னத்தத் திங்கிறது?"

"எனக்குப் புரியாம இல்லம்மா. ஆனா சுழியம் காட்டலேன்னா என்னையில்ல தூக்கிடுவாங்க" என்றார் ஏகாம்பரம். சொல்லும்போது அவர் தலை குனிந்திருந்தது. அன்றுமுதல் ஐந்து கைப்பிடியையும் கரைத்து, மூங்கில் குழாயில் அடைத்து, அவரே மாட்டின் தொண்டையில் ஊற்றினார்.

கணக்கர் சொன்னபடியேதான் நடந்தது. பன்னிரண்டு பை எட்டாயிற்று, நாலாயிற்று. மயிலை வைக்கோலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பால் கால்படி, அரைக்கால்படி என்று இறங்கி நின்றே போயிற்று. செவத்தாயி கஞ்சித் தண்ணீரைக் கையில் ஏந்தி அதன் வாயோரம் வைத்து, "குடிடி தாயே, ஒரு வாய் குடி" என்று கெஞ்சினாள். அது குடிக்கவில்லை. ஆடி பிறந்த அன்று காலையில் செத்துப்போனது. ஏகாம்பரம் வந்து பையைப் பொருத்தி ஒரு நாழிகை காத்திருந்து, சுழியம் என்று எழுதிக்கொண்டு போனார்.

நாட்டிலேயே முதல் சுழியம் அதுதான். செவத்தாயியை மேடையேற்றி மன்னர் பொன்னாடை போர்த்தினார்.

"எப்படிச் சாதித்தாய் தாயே?"

"செத்துப்போச்சுங்க சாமி."

"எளிமையான வழி" என்று மன்னர் நெகிழ்ந்தார். புரட்டாசிக்குள் நாடெங்கும் சுழியம் வந்துவிட்டது. பக்கத்து நாடுகளிலிருந்தெல்லாம் தூதர்கள் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆனாலும் வெக்கை தணியவில்லை. குழு மறுபடி கூடியது. முன்சன்னலைத் திறந்தார்கள், அறுபது சூளைகள் தெரிந்தன, மூடினார்கள். பின்சன்னலைத் திறந்தார்கள், மாடு எதுவுமில்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு மூத்த வல்லுநர் கேட்டார்: "நாட்டில் வேறு யாருக்கெல்லாம் வயிறு இருக்கிறது?"

ஏகாம்பரம் மறுபடியும் செவத்தாயி வீட்டு வாசலில் வந்து நின்றார். இந்த முறை பை சிறியது. உள்ளே பிள்ளை பெற்ற மகள் சுருண்டு படுத்திருந்தாள். பால் சுரக்காத மார்பைச் சப்பிச் சப்பிச் சோர்ந்து, குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. அவர் பையைச் செவத்தாயியின் வாயில் வைத்துக் காத்திருந்தார். பை உப்பவே இல்லை.

"சுழியம்!" என்றார் ஏகாம்பரம். அவர் குரலில் உண்மையாகவே நிம்மதி இருந்தது. "எப்படிம்மா இது?"

செவத்தாயிக்கு அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் பொங்கியது. "சோறு தின்னாத்தானய்யா ஏப்பம் வரும்!" என்று கத்தினாள்.

ஏகாம்பரம் அதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரம் அதையே சட்டமாக்கினார்கள்.