சும்மா இருந்துவிட்டுப் போகும் மாஸ்ரர்

பூவரசங்குளம்,
14-06-1963, வெள்ளிக்கிழமை.

அன்பும் மதிப்பும் உள்ள சிற்றம்பல அண்ணைக்கு,

தங்கை அன்னபாக்கியம் எழுதுவது. நாங்கள் சுகம், உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் அம்மனை வேண்டுகிறேன் என்றுதான் தொடங்க வேண்டும். அம்மனை வேண்டுவது உண்மை. சுகம் என்று எழுதத்தான் இவர் போன நாளில் இருந்து கை கூசுகிறது. சோறு தின்கிறோம், மாட்டுக்கு வைக்கோல் போடுகிறோம். அதுதான் சுகம் என்றால் நாங்கள் சுகம்.

உங்கள் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. மச்சாளின் தமக்கை மகன் நடராசா குருநாகலில் சுருட்டுக்கடை வைத்திருப்பதையும், கமலாசனியைக் கேட்பதையும், இவருடைய வருசத்து ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு தையிலே தாலி கட்டி வைக்கலாம் என்பதையும் வாசித்தேன். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன் இவ்வளவு நினைப்பதே பெரிது. எனக்குச் சம்மதம். தகப்பன் போன நாளில் இருந்து அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, மார்கழியில் எழுத வேண்டிய எஸ்.எஸ்.சி. சோதனை அவளுக்கு இனி இல்லை என்று நானும் மனதை ஆற்றிக்கொண்டேன். ஆனால் நீங்கள் உடனே அனுப்பச் சொன்ன சாதகம் என்னிடம் இல்லை. அது பள்ளிக்கூடத்துக் கிறகோரி மாஸ்ரரிடம் இருக்கிறது. எப்படி அங்கே போனது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு கடதாசி வாங்கினேன். நீங்கள் கோபிக்காமல் கடைசி மட்டும் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்த பிறகு மாஸ்ரரைக் கோபிக்கலாம்.

பிழை பாதி உங்களுடையது அண்ணை. வவுனியாவில் தெரிந்த ஒரு தரகரிடம் சொல்லியிருக்கிறேன், வருவார், விபரத்தைக் கொடு என்று சித்திரையில் எழுதினீர்கள். வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒருவர் சைக்கிளில் வந்து படலையில் மணி அடித்தார். கமக்கட்டில் ஒரு பைல் கட்டு. "கமலாசனியின்ர வீடு இதுதானே அம்மா? அவவைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்க வந்தனான்" என்றார். வேறு யாரென்று நான் நினைக்க? கதிரையைத் துடைத்துப் போட்டேன். அவர் ஒரு படிவத்தை எடுத்து வயது கேட்டார். வாற ஆவணிக்குப் பதினேழு என்றேன். உயரம் கேட்டார். கதவு நிலையில் கையை வைத்துக் காட்டினேன். கண் பார்வை, காது எல்லாம் சரியோ என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம் ஏறிக்கொண்டு வந்தது. "ஒரு குறையும் இல்லை. சமைப்பாள், தைப்பாள், கிணத்தில தண்ணி அள்ளுவாள். குளத்துக் காய்ச்சலும் ஒரு தரந்தான் வந்தது" என்றேன். எல்லாவற்றையும் எழுதினார். பிறகு, "பிள்ளைக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டார். இப்படிக் கேட்ட தரகரை நான் பிறந்ததுக்குக் காணவில்லை. "எங்களுக்கு விருப்பமெண்டால் அவளுக்கும் விருப்பந்தான்" என்றேன். அதையும் எழுதினார்!

அடுத்தது தகப்பன் பெயர். நான் இவருடைய பெயரை என்றைக்கு வாயால் சொன்னேன்? இருந்தபோதே சொல்லாததைப் போன பிறகு சொல்வதா? மாஸ்ரர் பேனையைப் பிடித்தபடி இருக்கிறார். பிள்ளை அறைக்குள்ளே இருக்கிறாள், ஆனால் அவள் ஐந்து மாதமாக "ம்" என்பதற்கு மேல் ஒரு சொல்லுச் சொன்னதில்லை. கடைசியில் வேலியால் எட்டிப் பக்கத்து வீட்டு இராசமலரைக் கூப்பிட்டேன்.

"இராசமலர், இவற்ற பேரை ஒருக்காச் சொல்லு."

"ஆற்ற பேரை?"

"இவற்ற."

"மயில்வாகனம் எண்டு சொல்ல நான் அடுப்பை விட்டிட்டு வரவேணுமே?" என்றவள், சும்மா போகாமல், "மாப்பிள்ளை எந்த ஊர் ஐயா?" என்று அவரைக் கேட்டாள்.

"எந்த மாப்பிள்ளை?" என்றார் அவர்.

"சொல்லமாட்டார் போல. நல்ல கெட்டிக்காரத் தரகர்தான்" என்று எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டுப் போனாள்.

இவ்வளவும் நடந்த பிறகு நான் சாதகத்தைத் தட்டில் வெற்றிலையோடு வைத்துக் கொடுக்காமல் விடுவேனா? இரண்டு கையாலும் வாங்கினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், பைலுக்குள் வைத்தார், போய்விட்டார்.

அடுத்த வெள்ளியும் வந்தார். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொன்னார்கள் என்று கேட்டபோதுதான் மனிதர் முகம் வெளிறி விஷயத்தைச் சொன்னார். "நான் தரகர் இல்லை அம்மா, பள்ளிக்கூடத்து மாஸ்ரர். பிள்ளையளுக்கு மனக்கஷ்டம் வந்தால், வீட்டில கரைச்சல் வந்தால், கேட்டு நடக்கிறதுக்கு எண்டு என்னைப் போட்டிருக்கினம். கொழும்பில மூண்டு மாதம் பயிற்சி தந்தவை." அப்போ சாதகத்தை ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். "வீட்டுக்காரர் மனமுவந்து தாறதை மறுக்கப்படாது எண்டு அங்க சொல்லித் தந்தவை" என்றார். சரி, கொழும்பில் படித்த மனிதர், என் பிள்ளை வாய் திறக்கிறாளில்லை, புத்தகத்தைக் கண்டால் எழும்பிப் போகிறாள், அதுக்கு ஒரு வழி சொல்லுங்கோ என்றேன். முதலில் தான் கேட்க வேண்டும் என்றார். கேளுங்கோ என்றேன். பேசாமல் இருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணை, அதுதான் அவருடைய வேலை! ஒன்றும் கேட்காமல் இருந்து கேட்பது. அதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது.

இவர் செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் எனக்கு ஏதோ ஒன்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். விதி என்றார்கள். அந்த வயல் மூலையே சரியில்லை என்றார்கள். ஒருவர் இழவு வீட்டுப் பந்தலுக்குள் நின்றுகொண்டே, எருதுகளை விற்கிறதென்றால் முதலில் தனக்குச் சொல்லச் சொன்னார். சொல்ல ஒன்றும் இல்லாமல் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஆள் இந்த மாஸ்ரர்தான். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கத்து வேதக்காரர். "அவையின்ர கோயில்ல சுவாமியாரும் இப்பிடித்தான் கூட்டுக்குள்ள இருந்து சனத்தின்ர பாவத்தைக் கேட்கிறவராம். கவனம், கடைசியில முழங்கால்ல நிக்க வைச்சுப்போடுவார்" என்று இராசமலர் பயப்படுத்தினாள். முழங்கால் ஒன்றும் இல்லை. ஆனால் வந்த மனிதர் வாய்மூடி இருக்க நானும் வாய்மூடி இருந்தால் மரியாதையா? அவருக்காக இரங்கி நான் கதைக்கத் தொடங்கினேன். பூசணி பிஞ்சிலே அழுகுவது, குளத்துத் தண்ணீர் முறை, பசு கன்று போடாதது என்று போனது. தேத்தண்ணி ஆறி ஈ விழும் மட்டும் கதைத்தேன். அவர் போன பிறகு பார்த்தால், சின்ன வயதில் நீங்கள் என்னை மாமரத்தில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு ஓடினதையும் சொல்லிவிட்டேன். மன்னிக்கவும்.

மூன்றாம் வெள்ளி நான் உஷார். இன்றைக்கு ஒரு சொல்லுச் சொல்லமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் கதிரையில், நான் வாசற்படியில், பிள்ளை கதவுக்குப் பின்னால். பொழுது போகிறது, ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த நேரம் எங்கள் வெள்ளாடு வந்து அவர் மடியில் இருந்த பைலை முகர்ந்து படிவத்தின் மூலையைத் தின்னத் தொடங்கியது. அதுக்கும் அந்த மனிதர் பேசவில்லை. ஆடும் மனமுவந்துதான் வந்தது என்று நினைத்தாரோ என்னவோ. கதவுக்குப் பின்னால் இருந்து, "சேர், ஆடு தின்னுது" என்று ஒரு குரல் கேட்டது. என் பிள்ளையின் குரல். ஐந்து மாதத்துக்குப் பிறகு கேட்டதால் எனக்கு முதலில் யாரென்று தெரியவில்லை. "ஓம், நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார் மாஸ்ரர். அவள் சிரித்துவிட்டாள். ஆட்டுக்கு அன்றைக்குத் தவிடு கூடப் போட்டேன்.

நாலாம் வெள்ளி அவள் தானாக வந்து நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "அண்டைக்கு லாம்பை நான்தான் வைச்சிருந்தனான் சேர். வயலுக்குத் தண்ணி மாத்தப் போறன், லாம்பைத் தா பிள்ளை எண்டு அப்பா கேட்டவர். ஒரு கணக்குக் கிடக்குது அப்பா, முடிச்சிட்டுத் தாறன் எண்டனான். நீ படி, நிலவு கிடக்குத்தானே எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்." அவ்வளவுதான். வரம்பில் பாம்பு கிடந்தது உங்களுக்குத் தெரியும்.

அண்ணை, இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. நான் அவளைப் பஞ்சி பிடித்த சோம்பேறி என்று பேசினேன், தகப்பனோடு படிப்பும் போச்சோ என்று ஏசினேன். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்கும் இருந்தது. குசினியில் அந்த நேரம் இன்னொரு லாம்பு எரிந்தது. எனக்குக் கத்தரிக்காய் பொரிக்க. அவர் இருட்டுக்குள் படலையைத் திறந்தது எனக்குக் கேட்டது. இந்தாருங்கோ என்று ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். காய் கருகப் போகுது என்று நின்றேன். இதை நான் செத்தாலும் ஒருவருக்கும் சொல்வதில்லை என்று வைத்திருந்தேன். அந்த மாஸ்ரர் பேசாமல் இருந்தார், நான் சொல்லிப்போட்டேன். பிள்ளை வந்து என் மடியில் விழுந்தாள். நாங்கள் இரண்டு பேரும் குழறின குழறலில் இராசமலர் அகப்பைக் காம்போடு ஓடி வந்து, "ஐயோ, இப்ப ஆர்?" என்றாள். மாஸ்ரரும் லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தார். கொழும்பில் அதுக்கும் பயிற்சி கொடுத்தார்களோ தெரியாது. "அடுத்த வெள்ளி வாறன் அம்மா" என்று மட்டும் சொல்லிப் போனார்.

இப்போ என் முறைப்பாட்டைக் கேளுங்கள். ஐந்து மாதமாக வாய் பேசாத பிள்ளை, என்ன அடக்கம் என்று ஊரே மெச்சியது. இந்த ஒரு கிழமையாக அவள் வாய் மூடவில்லை. உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு, "நடராசா அத்தானை வேண்டாமெண்டு ஆர் சொன்னது? இப்ப வேண்டாம் எண்டுதான் சொல்லுறன். நான் சோதனை எழுதவேணும் அம்மா" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். இன்றைக்கு மாஸ்ரர் வந்து, சோதனை விண்ணப்பத்துக்கு இந்த மாதம் முப்பது கடைசி நாள், இவ்வளவு காலம் வராத பிள்ளையானபடியால் பெரியவர் ஒருவர் நேரில் வந்து தலைமை வாத்தியாருக்கு முன்னால் ஒப்பம் வைக்க வேணும் என்கிறார். ஆட்டைத் திவசம் முடிய முதல் நான் எப்படி வாசல் தாண்டி வெளிக்கிடுவது? காலையில் நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் என் வெள்ளைச் சேலையில் முழிக்கவா? "அப்ப தாய்மாமன் வந்து வைச்சாலும் காணும், அதுவே போதும்" என்றார்.

ஆனபடியால் முப்பதுக்கு முதல் நீங்கள் கட்டாயம் வர வேண்டும். ஒப்பம் வைக்க அல்ல. சாதகத்தைத் திருப்பி வாங்கி, இனி எங்கள் படலைக்கு வராதீர் என்று அவருக்குச் சொல்ல. அவள் கணக்குக் கொப்பியைத் தொட்டாலே எனக்கு அந்த லாம்புதான் கண்ணில் தெரிகிறது அண்ணை. குருநாகலில் சுருட்டுக்கடையில் கணக்குப் புத்தகம் இராது. இருந்தாலும் அதை நடராசா பார்ப்பான். அங்கே போனால் மறப்பாள். இதை நானே மாஸ்ரருக்குச் சொல்ல மூன்று தரம் வாயெடுத்தேன். அவர் பேசாமல் இருக்கிறார், எனக்கு வேறு கதை வந்துவிடுகிறது. நீங்கள் ஆம்பிளை, உங்களால் முடியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். திறந்தீர்களோ, ஏணிக் கதையை நீங்களே அவருக்குச் சொல்லுவீர்கள்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் வீட்டு விளக்கு அணையாமல், வாசல் வெறிக்காமல் அம்மன் காக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை,
ம. அன்னபாக்கியம்.

பிற்குறிப்பு: 18-06-63, செவ்வாய். மேலே எழுதியது வெள்ளிக்கிழமை எழுதியது. அதைத் தபாலில் போட்டுவிட்டு வா என்று கமலாசனியிடம் கொடுத்தேன். "என்னை மறிக்கிற கடிதத்தை நானே கொண்டுபோய்ப் போடவோ? நீங்களே போடுங்கோ" என்றாள். அதுவும் நியாயம்தான். நேற்றுக் காலை முக்காடு போட்டுக்கொண்டு தபாற்கந்தோர் மட்டும் என்று வெளிக்கிட்டேன். அவளும் பின்னால் வந்தாள். எதிரே ஏரம்பு அண்ணை புது மாட்டுச் சோடி பார்க்கப் போகிறார். நான் பாலை மரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் நின்று, "என்ன பிள்ளை ஒளிக்கிறாய், பஸ்ஸுக்கே? கெதியாப் போ, வெளிக்கிடப் போறான்" என்றார். இவ்வளவுதான் அண்ணை, ஐந்து மாதமாக நான் பயந்த பயம். பஸ்காரனும் ஏறச் சொன்னான். கடிதம் கையிலே இருக்க ஏறிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியார் ஐந்து மாதம் விட்ட பிள்ளைக்குக் கஷ்டம் என்று தொடங்கினார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அவரே கதைத்தார், அவரே யோசித்தார், அவரே படிவத்தை எடுத்துத் தந்தார். ஒப்பம் வைத்தேன். பிள்ளை அங்கேயே வகுப்புக்குப் போய்விட்டாள்.

ஆகையால் மேலே உள்ளதை வாசித்ததோடு விட்டுவிடுங்கள். கிழித்துப் போடலாம் என்றுதான் நினைத்தேன், முத்திரை ஒட்டியாயிற்று. சாதகம் இப்போதைக்கு மாஸ்ரரிடமே இருக்கட்டும். நடராசா நல்ல பிள்ளை, அவசரம் என்றால் அவனுக்கு வேறு இடம் பாருங்கள். நீங்கள் இங்கே வர வேண்டாம். மார்கழியில் சோதனை நாட்களுக்கு மச்சாளை மட்டும் அனுப்பி வையுங்கள். நான் பிள்ளையோடு பஸ்ஸில் போய் வர வேண்டும், மாடு கட்ட வீட்டில் ஆள் இல்லை.