படத்தில் உள்ளது கடல் அல்ல

கடற்கரையில் படம் எடுக்க முன்அனுமதி பெற வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. விதி என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காரணம் இல்லாவிட்டாலும் ஒரு அலுவலகம் இருக்கும். ஆகவே, ஒரு சீக்கியக் குடும்பத்தின் மூன்று நாள் கடலோரக் கல்யாணத்தைப் படம் எடுக்க ஒப்புக்கொண்டதும் போட்டோக்காரம்மா முதல் வேலையாகக் கடற்கரைப் பராமரிப்பு அலுவலகத்துக்குப் போனார். விண்ணப்பத்தை மூன்று பிரதிகளில் நிரப்பினார். கேமராவின் எடை, தன் எடை இரண்டையும் உரிய கட்டங்களில் எழுதி, முத்திரை குத்திய தாளோடு வீடு திரும்பினார். இருபது வருடத் தொழிலில் அவர் எந்த அதிகாரியிடமும் வாய் கொடுத்ததில்லை. அந்தப் பொறுப்பை, கூட வீடியோ எடுக்கும் நாத்தனாரிடம் விட்டிருந்தார்.

முதல் நாள் பிற்பகல், ஓட்டல் புல்வெளியில் மணமகளுக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் கடல் தன் பாட்டுக்கு அலையடித்துக்கொண்டிருந்தது. அப்போது கடற்கரை மேற்பார்வையாளர் வந்தார். பழுப்புச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் கோப்பு. அனுமதித் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"இதுல கடற்கரைன்னுதான் போட்டிருக்கு."

"ஆமா சார், கடற்கரைலதானே எடுக்கறோம்."

"கரை சரி. பின்னாடி தண்ணி தெரியுதே. அதுக்கு அனுமதி எங்க?"

போட்டோக்காரம்மா திரும்பிப் பார்த்தார். தண்ணீர் தெரிந்தது, மறுக்க முடியவில்லை.

"கரை எங்க துறை, தண்ணி வேற துறை. அவங்க ஆபீஸ் துறைமுகத்துகிட்ட இருக்கு. போட்டா மூணு வாரத்துல கிடைச்சுரும்."

"கல்யாணமே மூணு நாள்தான் சார்."

"அது உங்க ஏற்பாடு."

நாத்தனார் குறுக்கிட்டார். "அலை கரைக்கு வருதே சார், அப்ப அது யாரோடது?"

மேற்பார்வையாளர் இதை நல்ல கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். "வந்து நனைக்கிற வரைக்கும் அவங்களோடது. திரும்பிப் போனதும் ஈர மணல் எங்களோடது. அதை நீங்க தாராளமா எடுக்கலாம்."

கல்யாண ஏற்பாட்டாளர் ஓடி வந்தார். மூச்சுக்கு மூச்சு 'கான்செப்ட்' என்பதால் அவருக்கு நாத்தனார் வைத்த பெயரும் கான்செப்ட்தான். கல்யாணத்தை அவர் 'அலையும் ஆன்மாவும்' என்று தலைப்பிட்டு, விருந்தினர் எல்லோருக்கும் கடல்நுரை நிறத்தில் மாதிரித் துணி அனுப்பி, தலைப்பாகை முதல் செருப்பு வரை அந்த நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். மணமகளின் அப்பா மட்டும் தன்னுடைய வழக்கமான கருநீலத் தலைப்பாகையில் வந்து, ஓட்டலின் சாலைப் பக்க வாசலில் சாயங்காலம்வரை விருந்தினர்களை வரவேற்று நின்றார். உள்மாவட்டம் ஒன்றில் லாரிப் பட்டறை வைத்துத் தமிழ் பழகியவர், அதிர்ந்து பேசாதவர். "மத்ததெல்லாம் நீங்க சொல்றபடி கேக்கறேன் தம்பி, இதை மட்டும் விட்ருங்க" என்றார். கான்செப்ட் அன்று மதியம் சாப்பிடவில்லை.

படத்தில் தண்ணீர் தெரியக் கூடாது என்றதும் நாற்காலிகளை எல்லாம் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். பின்னணியில் ஓட்டல் ஜெனரேட்டரும் இரண்டு குப்பைத் தொட்டிகளும் வந்தன. ஆன்மா கிடைத்தது, அலை கிடைக்கவில்லை. கான்செப்ட் கண்ணை மூடி அரை நிமிடம் நின்றுவிட்டு, கடலை அச்சடித்துக்கொண்டு வரலாம் என்றார்.

சாயங்காலத்துக்குள் நாற்பதடி நீளத்துக்கு ஒரு பேனர் வந்தது. எந்த நாட்டுக் கடலோ, பற்பசை விளம்பரத்துப் பற்களைப்போலப் பளபளத்தது. அதைக் கடலுக்கு முன்னால் கட்டிக் கடலை முழுசாக மறைத்தார்கள். மேற்பார்வையாளர் பேனரை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது துணி. துணிக்கு எந்தத் துறை அனுமதியும் வேண்டாம்" என்றவர், 'மேற்படி நிகழ்ச்சிக்குக் கடலாகப் பயன்படுத்தப்படும் பொருள் நேரில் ஆய்வு செய்யப்பட்டு, கடல்போல் இருப்பதாகத் திருப்தி கொள்ளப்பட்டது' என்று கோப்பில் எழுதிக் கையெழுத்திட்டார்.

விருந்தினர்கள் ஒருத்தர் விடாமல் பேனருக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டார்கள். நிஜக் கடலில் இந்த நீலம் வராது என்று மணமகளின் சித்தி பாராட்டினார். போட்டோக்காரம்மா எடுத்துத் தள்ளினார். துணியில் சுருக்கம் விழாமல் நாத்தனார் ஒரு ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலையில் ஊருக்குள் இருந்த குருத்வாராவில் திருமணம். வேதநூலைக் கடற்கரைக்கெல்லாம் கொண்டுபோக முடியாது என்று பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அங்கே கான்செப்டின் ஆட்சி செல்லுபடியாகவில்லை. ஆனாலும் கைவசம் ஒரு அட்டவணை வைத்திருந்தார். பதினொன்று நாற்பதுக்கு, 'தந்தையின் இயல்பான கண்ணீர்'.

தந்தைக்குக் கண்ணீர் காரிலேயே வந்துவிட்டது. முன் சீட்டில் இருந்த கான்செப்ட் பதறிப்போய்ச் சொன்னார்: "அங்கிள், இப்ப வேண்டாம். கேமரா இல்ல."

"மன்னிச்சுக்கங்க தம்பி, தெரியாம வந்துருச்சு" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குருத்வாராவில் போட்டோக்காரம்மாவைத் தலையில் துணி போட்டுக்கொண்டு ஓரமாக உட்காரச் சொன்னார்கள். குறுக்கே நடக்கக் கூடாது, யாரையும் திரும்பிப் பார்க்கச் சொல்லக் கூடாது. அவர் அப்படியே செய்தார். மணமகன் முன்னே நடக்க, அவன் தோள்துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு மணமகள் நான்கு முறை சுற்றி வந்தாள். சுற்று தொடங்குமுன் அந்த நுனியை அவள் கையில் கொடுத்தபோது அப்பாவின் விரல்கள் விடுவேனா என்றன. இருபது வருடத்தில் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று போட்டோக்காரம்மாவுக்குப் பட்டது.

கான்செப்ட் பார்த்துவிட்டு, யாருமே கேமராவைப் பார்க்கவில்லையே என்று உதட்டைப் பிதுக்கினார். சாயங்காலம் பேனருக்கு முன்னால் தோள்துணி மறுபடி கைமாறியது. "எத்தனை மணிக்கும்மா அழணும்?" என்று தந்தை போட்டோக்காரம்மாவிடம் பணிவாகக் கேட்டார். முதல் தடவை நிழல் விழுந்தது, இரண்டாம் தடவை பேனர் காற்றில் உப்பியது. மூன்றாம் தடவை இயல்பாக வந்தது.

மூன்றாம் நாள் காலைச் சாப்பாட்டின்போது தந்தை தட்டோடு போட்டோக்காரம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டியே?"

"கேளுங்க ஐயா."

"கடல் எந்தப் பக்கம் இருக்கு?"

போட்டோக்காரம்மா பேனரைத் திரும்பிப் பார்த்தார்.

"முப்பது வருஷம் பட்டறைய விட்டு நகர்ந்ததில்லைம்மா. பொண்ணு கடலோரத்துல கல்யாணம்னதும், சரி, அந்தச் சாக்குல பார்த்துரலாம்னு வந்தேன். வந்த அன்னிக்கு வாசல்லயே நின்னுட்டேன். அப்புறம் போட்டோவுக்குக் கூப்பிட்டுட்டே இருந்தாங்களா, எழுந்திரிக்க முடியல. ராவும் பகலும் ஒரு இரைச்சல் கேக்குது. ஜெனரேட்டர்னு நினைச்சேன்."

போட்டோக்காரம்மா தட்டை வைத்துவிட்டு எழுந்து, பேனரின் ஓரத்தைத் தூக்கி அவரை அந்தப் பக்கம் அழைத்துப்போனார்.

கடல் சாம்பல் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. தந்தை செருப்பைக் கழற்றி, கால்சட்டையை முழங்கால்வரை மடித்து, நின்று நிதானமாகப் பார்த்தார். பிறகு உள்ளே இறங்கினார். ஒரு அலை வந்து இடுப்புவரை அடித்தது. இரண்டு கையாலும் கருநீலத் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு அவர் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். போட்டோக்காரம்மா ஒரே ஒரு படம் எடுத்தார்.

"அது கடல்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பேனர் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர், கோப்போடு எழுந்து வந்தார். "அனுமதி இல்லாம எடுத்திருக்கீங்க. விதிப்படி மெமரி கார்டைக் கைப்பற்றணும்."

கார்டில் குருத்வாரா இருந்தது. மூன்று நாளும் இருந்தது. பேனர் ஓரமாக வந்த நாத்தனார் படத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சார், கடல் எப்படி இருக்கும்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"ஆமா."

"அந்த மாதிரியா இருக்கு இது?"

மேற்பார்வையாளர் கேமராத் திரையைப் பேனருக்குப் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். நீலமே இல்லை. தன் கையெழுத்துக்கு விரோதமாக அவரால் எதையும் பார்க்க முடியவில்லை. கடைசியில் ஒரு உறுதிமொழித் தாளை எடுத்தார்.

"'படத்தில் உள்ளது கடல் அல்ல'ன்னு எழுதிக் கொடுத்துருங்க. படத்துக்கு அடியிலயும் அதை அச்சடிக்கணும். உள்ள நின்னவர் சாட்சி போடணும்."

"கடல் இல்லன்னா வேற என்னன்னு போடறது?" என்றார் போட்டோக்காரம்மா.

"தேங்கிய நீர்."

போட்டோக்காரம்மா அதையும் தாளில் எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டார். தந்தை, கால்சட்டையிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட, தாளை எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்துவிட்டுக் கீழே தன் பெயரை எழுதினார்.

அந்தப் படத்தை மணமகள் ஆல்பத்தில் சேர்க்கவில்லை. "அப்பா அழகா இருக்கார்தான் அக்கா. ஆனா இதைப் பார்த்தா பீச்சுல கல்யாணம் பண்ணோம்னு ஒருத்தரும் நம்ப மாட்டாங்க" என்றாள். போட்டோக்காரம்மா அதைப் பெரிதாக அச்சடித்து, அடியில் உரிய வாசகத்தோடு, பட்டறை முகவரிக்கு அனுப்பிவைத்தார்.

ஒரு மாதம் கழித்துத் தந்தை தொலைபேசியில் கூப்பிட்டார். போட்டோக்காரம்மா அப்போது ஸ்டூல் மேல் ஏறி நின்று, பேனருக்கு முன்னால் எடுத்த மணமக்கள் படத்தைக் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தார். மேலே 'கடலோரக் கல்யாணங்கள்' என்று எழுதியிருந்தது.

"படம் வந்துச்சும்மா. பட்டறைலயே மாட்டிட்டேன். வர்ற டிரைவருங்க எல்லாம், இது என்ன குட்டைன்னு கேக்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க ஐயா?"

"குட்டைன்னுதான் சொன்னேன். கையெழுத்துப் போட்டுட்டு மாத்திப் பேசினா நல்லாவா இருக்கும்?"