வெள்ளித் தொப்பி வைத்த ஃப்யூஸ்

ஆசைப்பட்டு வாங்கிய பொருளைக் குறை சொல்ல எந்தக் காதுக்கும் மனசு வராது. கண்ணாவது கொஞ்சம் நியாயமாக நடந்துகொள்ளும். காது முழுசாக நம் கட்சியில் சேர்ந்துவிடும்.

எண்பதுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். பெங்களூரிலிருந்து உதிரிகள் வாங்கி வந்து நானே சாலிடர் வைத்து ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்திருந்தேன். (மேல் மூடி மட்டும் கடைசிவரை உட்காரவில்லை. அதன்மேல் ஓர் இட்லித்தட்டை வைத்து அழுத்தியிருந்தேன்.) என் இசை ஞானத்தை மெச்ச ஊரில் ஆளில்லையே என்ற வருத்தத்தோடு வாழ்ந்த காலம் அது.

அந்த நேரம் பார்த்து, மெயின்டனன்ஸில் இருந்த கோபாலப்பா கேன்டீனில் ஒரு ஃப்யூஸை எடுத்து நீட்டினார். நாம் பார்த்திருப்பதெல்லாம் கண்ணாடிக் குழாய். இது வெள்ளைப் பீங்கான். இரண்டு முனையிலும் பளபளவென்று வெள்ளித் தொப்பி.

"நோடப்பா, இங்க பாரு, ஃபாரின் மால். இத போட்டா வீணையில ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா கேக்கும். நம்மூரு ஃப்யூஸ்ல கரண்டே அழுக்காத்தான் வருது."

இத்தனை நாள் அழுக்குக் கரண்டிலா வீணை கேட்டோம் என்று எனக்கு உடம்பே கூசியது. வார விடுமுறையன்று அதை மாட்டினேன். அடேயப்பா! வீணை நடுவீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. (அன்று தொழிற்பேட்டையில் மெஷின்கள் எல்லாம் ஓய்ந்திருந்ததால் எங்கள் தெருவுக்கு வோல்டேஜ் கொழுத்து வந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அன்றைய புகழ் முழுவதும் ஃப்யூஸுக்கே போய்ச் சேர்ந்தது.)

இந்த நிலையில்தான் என் கல்யாணப் பேச்சு வந்தது. பெண், பக்கத்துத் தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் இருந்த விஜயா. எங்கள் இருவருக்கும் சம்மதம். அவளுடைய அப்பா சம்மதிக்க வேண்டியதுதான் பாக்கி. அவருக்கு ஊத்தங்கரையில் உரக்கடை. யார் மனசும் நோகப் பேசாத மனுஷர். அவர் என் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்.

"அப்பா வேணாம்னுட்டா அதுக்கு மேல நான் எதுவும் செய்ய முடியாது. ஒழுங்கா இருங்க. அவரு சிகரெட்ட கையாலகூடத் தொட மாட்டாரு, தெரியுமில்ல?" என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தாள் விஜயா.

பாக்கெட்டை ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். வழி காட்டுகிற சாக்கில் விஜயாவும் அப்பாவோடு வந்து சேர்ந்தாள். காபி ஆறுவதற்குள் நான் ஃப்யூஸ் புராணத்தைத் தொடங்கிவிட்டேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

விஜயாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ரெண்டு ஃப்யூஸும் குடுங்க. நான் மாத்தி மாத்திப் போடறேன். நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க."

மாப்பிள்ளையாகப் போகிறவனும் மாமனாராகப் போகிறவரும் சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி வீணை கேட்டோம். கேசட்டை முதலில் ஒருமுறை ஓடவிட்டாள். அணைத்து, எதையோ மாற்றி, மறுபடி போட்டாள்.

"இது! இதுதான் வெள்ளி!" என்று கத்தினேன். "கேட்டீங்களா ஐயா?"

"ஆமாமா தம்பி, நல்லாவே தெரியுது. வீணை தனி, மிருதங்கம் தனி," என்றார் அவர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெற்றி வெறியில் திரும்பி வந்து வால்யூமைக் கடைசிவரை திருகினேன். மிருதங்கம் இடித்த இடியில் இட்லித்தட்டு துள்ளி, மூடியோடு உள்ளே விழுந்தது. 'உம்ம்ம்' என்று ஒரு முனகல். இட்லித்தட்டின் துளைகள் வழியாகப் புகை வந்தது. பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஃப்யூஸ் போயிருக்கணுமே! ஏன் போகல?" என்று அலறினேன்.

விஜயா முகம் வெளுத்துப்போய் உள்ளங்கையை விரித்தாள். கண்ணாடி ஃப்யூஸ், வெள்ளித் தொப்பி ஃப்யூஸ், இரண்டுமே அதில் இருந்தன.

"அப்போ உள்ள?"

"வெள்ளித்தாளச் சுருட்டி வெச்சேன். சும்மா ஒரு நிமிஷந்தானேன்னு..."

"ஏதும்மா வெள்ளித்தாள்?" என்றார் அப்பா.

ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால், திறந்தபடி கிடந்த என் சிகரெட் பாக்கெட்டே சொல்லிவிட்டது. ஆம்ப்ளிஃபயர் போனது பெரிதாகத் தெரியவில்லை. விஜயா போய்விடுவாளே என்று அழுதுவிடுவேன் போலிருந்தது.

அவர் கருகிய ட்ரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தார். மகளின் கையில் இருந்த ஃப்யூஸ்களைப் பார்த்தார். வீணை தனி, மிருதங்கம் தனி என்று சொன்னவர் சிகரெட் பாக்கெட்டையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"அந்தப் பாக்கெட்டுல இன்னும் ஒண்ணு இருக்குதுங்களா, மாப்ள?"

"அப்பா!" என்று வீறிட்டாள் விஜயா. அந்த 'மாப்ள' என் காதில் அன்று கேட்ட வீணையைவிடத் துல்லியமாக விழுந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது ஒரு வழக்கமாகிவிட்டது. புதுக் காபிப்பொடி பிரமாதம் என்று நானோ மாமாவோ வாயைத் திறந்தால் போதும், விஜயா பேசாமல் உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். நாங்கள் அடங்கிவிடுவோம்.

போன பொங்கலுக்கு மாமாவுக்குக் காதுக்கருவி வாங்கினோம். விஜயாதான் மாட்டிவிட்டாள். "கேக்குதாப்பா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"அடடா, துல்லியமா கேக்குதும்மா! பக்கத்து வீட்டு குக்கர் விசில்கூடக் கேக்குது."

விஜயா உள்ளங்கையை விரித்தாள். காதுக்கருவியின் பேட்டரி அதில் இருந்தது.

மாமா பரிதாபமாக என்னைப் பார்த்தார். நான் அவர் காதோரம் குனிந்து, "எனக்கும் அந்த விசில் கேட்டுச்சுங்க மாமா," என்றேன்.